உங்கள் வைஃபையில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

இ-சேவை மூலம் பெற்ற வருமானச் சான்றிதழ் உங்கள் ஸ்மார்ட்போனில் இருக்கிறது. 'பிரிண்ட்' என்பதைத் தொடுகிறீர்கள். அடுத்த அறையில் உள்ள பிரிண்டரின் பெயர் தானாகவே திரையில் வந்து நிற்கிறது. அதன் முகவரியை நீங்கள் சொல்லவே இல்லையே, போனுக்கு எப்படித் தெரிந்தது?

பூந்தமல்லி பேருந்து நிலையத்தை நினைத்துப் பாருங்கள். யார் ஆவடி போகிறார்கள் என்று நடத்துநருக்குத் தெரியாது. "ஆவடி, ஆவடி!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுப்பார். போக வேண்டியவர்கள் மட்டும் வந்து ஏறுவார்கள். வைஃபையில் நடப்பதும் இதேதான்.

எப்படி நடக்கிறது?

1. போன் வைஃபையில் இணைந்ததும், ரூட்டர் அதற்கு 192.168.1.5 போன்ற ஓர் ஐபி முகவரி தரும். பிரிண்டர், டிவி, கேமரா ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு.

2. போன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கும்.

3. பிரிண்டர் மட்டும், "நான் இருக்கேன். என் பெயர் இது, முகவரி இது" என்று பதில் சொல்லும்.

இதற்கு மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்று பெயர். 2013 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6762 என்ற எண்ணில் இதன் விதிமுறை வெளியானது. இந்தக் குரல் அந்த ஒரு நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும். ரூட்டரைத் தாண்டி இணையத்துக்குப் போகாது.

பிரிண்டர் தெரியவில்லையா?

பெரும்பாலும் பிரிண்டரில் கோளாறு இருக்காது. போன் மொபைல் டேட்டாவில் இருக்கலாம். அல்லது ஒன்று வீட்டு வைஃபையிலும் மற்றொன்று 'கெஸ்ட்' வைஃபையிலும் இருக்கலாம். இரண்டையும் ஒரே வைஃபையில் இணையுங்கள். விபிஎன் போட்டிருந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கவனம் தேவைப்படும் இடம்

பிரிண்டரின் பதிலை உங்கள் போன் மட்டுமல்ல, அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் கணினி, சிசிடிவி கேமரா, வந்துபோகும் வாடிக்கையாளரின் போன் எல்லாம் ஒரே வைஃபையில் இருந்தால், கேமரா இருப்பது வாடிக்கையாளரின் போனுக்கும் தெரியும். பெயர் தெரிவதால் மட்டும் கதவு திறந்துவிடாது. ஆனால் கேமராவின் பாஸ்வேர்டு கம்பெனியில் போட்டுக் கொடுத்தபடியே இருந்தால், பூட்டியும் சாவியை வாசலில் தொங்கவிட்ட கதைதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கடை, பட்டறை வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளருக்கு 'கெஸ்ட்' வைஃபை மட்டும் கொடுங்கள். அதில் இருப்பவர்கள் உங்கள் மற்ற கருவிகளை அணுக முடியாதபடி ரூட்டரில் அமைத்துக்கொள்ளுங்கள்.

• கேமரா, ரூட்டர் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

• போனுக்கு முழுப் பெயரையோ மொபைல் எண்ணையோ பெயராக வைக்காதீர்கள். செட்டிங்ஸில் மாற்றலாம்.

• வெளியிடத்து வைஃபையில் விண்டோஸ் மடிக்கணினியை இணைக்கும்போது 'பப்ளிக் நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மற்ற கருவிகளுக்கு அது தன்னைக் காட்டிக்கொள்ளாது.

• உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேட ஒரு செயலி அனுமதி கேட்கலாம். ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் இந்தக் கேள்வி வருகிறது. பிரிண்ட் எடுக்கவோ டிவியில் படம் காட்டவோ உதவும் செயலிக்கு 'சரி' சொல்லலாம். ஒரு விளையாட்டுச் செயலிக்கு உங்கள் வீட்டில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்ற பட்டியல் எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்றே ரூட்டரின் செயலியைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். வீட்டில் எல்லோரிடமும் விசாரித்தும் அடையாளம் தெரியாத பெயர் ஒன்று இருந்தால், வைஃபை பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். உங்கள் கருவிகளை மட்டும் புதிய பாஸ்வேர்டுடன் மறுபடி இணைத்தால் போதும். அழையா விருந்தாளி தானாக வெளியே போய்விடுவார்.