நாற்பதாம் நாளுக்குப் பிறகு

அன்பு மகளுக்கு,

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது என்று போனில் நீ சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. "இது முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்மா" என்றாய். அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் டாக்டரிடம் கேள்: எடுப்பது மட்டுமா, அமைப்பதும் உண்டா? நம் திருநங்கைகள் ஜமாத்தில் நிர்வாணம் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறோம். விரையையும் ஆணுறுப்பையும் நீக்குவது ஒன்று. அந்தத் தோலைக் கொண்டே பெண்ணுறுப்பு அமைப்பது வேறு. எனக்கு அன்று கேட்கத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கட்டுப் பிரித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, சடங்காக மஞ்சள் பூசி, பால் குடம் எடுத்த நாற்பதாம் நாளிலும் அந்த ஏமாற்றம் நெஞ்சில் இருந்தது.

அமைத்துக்கொண்டால் வேலை அப்போதுதான் தொடங்கும். உன் அக்காவுக்குத் துணையிருந்து பார்த்தவள் நான். மெழுகுவத்தி போல வழவழப்பான டைலேட்டர்கள், சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசையாக. அலாரம் வைத்து, சோப்பால் கழுவி, ஜெல் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். முதல் மாதங்களில் தினமும் பல முறை. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனவள் பத்து நாள் விட்டுவிட்டாள். பாதை சுருங்கி, மறுபடி சின்ன அளவிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வலியில் அவள் அழுதது எனக்கு மறக்கவில்லை.

ஆபரேஷனால் குரல் மாறாது. தாடிக்கு லேசர் தனி. கருப்பை இல்லாததால் மாதவிடாயும் பிள்ளைப்பேறும் இல்லை. உன் ரத்தத்தில் ஒரு பிள்ளை வேண்டுமென்று தோன்றினால் விந்தணுவை முன்பே உறைய வைக்க வேண்டும். விரை போனபின் ஹார்மோனை நீயாக நிறுத்தாதே, எலும்பு தேயும். சிகரெட் பிடிப்பவளானால் இன்றே விடு, புண் ஆறாது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. 2021இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளில் பாலின மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட 7,928 பேரைக் கணக்கில் எடுத்தது. செய்துகொண்டதற்காக வருந்தியவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. எனக்கும் வருத்தமில்லை. குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதை நான் விட்டது ஆபரேஷனுக்குப் பிறகுதான். ஆனால் அதற்குப் பிறகும் என் அப்பா என்னோடு பேசவில்லை, வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வீடு தரவில்லை. அதெல்லாம் கத்தியால் தீருகிற காரியமில்லை.

மனநல டாக்டரின் கேள்விகளுக்கு மற்றவர்கள் சொல்லித்தந்த பதிலை ஒப்பிக்காதே. 1971இல் சிங்கப்பூர் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் அந்த நாட்டின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தபோதும், மனநலப் பரிசோதனைக்குப் பிறகே கத்தியை எடுத்தார். உன் எதிர்பார்ப்பை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அது ஒரு வாய்ப்பு. பயமாக இருந்தால் பயம் என்றே சொல்.

யாருக்காகவும் அவசரப்பட வேண்டாம். பாலின அடையாளத்துக்கு ஆபரேஷனைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்று 2014இலேயே நம் நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்யாவிட்டாலும் நீ என் மகள்தான்.

கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வை. ஒப்புதல் படிவத்தில் நான் வரும்வரை கையெழுத்துப் போடாதே. புதன்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன்.

உன் அம்மா