மிஷின் இருந்தும் தூக்கம் இல்லையா? வாய்வழிக் கசிவும் தாடைப் பட்டையும்



நமது டிரஸ்டின் மருத்துவ உதவிப் பிரிவிலிருந்து, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கான சிபாப் மிஷினை ஒரு சகோதரருக்கு இரவலாகக் கொடுத்தோம். அவர் லோடு வேன் ஓட்டுபவர். சிக்னலில் வண்டி நிற்கும்போதே கண் அயர்ந்துவிடும் அளவுக்கு அவருக்குப் பகல் தூக்கம் இருந்தது. மூன்றே வாரத்தில் அவருடைய மகன் மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அத்தாவுக்கு இது ஒத்துவரல. மாட்டுனாலும் தூங்கி வழியிறாங்க" என்றார். நாமும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டோம்.

சில நாள் கழித்து அவருடைய மனைவி வந்து விவரம் சொன்னார். "ராத்திரி பூரா வாயால புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வெளிய வருது. காலையில நாக்கு அண்ணத்துல ஒட்டிப்போய் எந்திரிக்கிறாங்க." அதன்பிறகுதான் அவரை மறுபடி மருத்துவரிடம் அனுப்பினோம். மிஷினில் பழுதில்லை, அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், காற்றெல்லாம் அதன் வழியே வீணாகிறது என்று மருத்துவர் கண்டு சொன்னார். மிஷினைக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்தது நம்முடைய தவறு. அதே சிரமம் மற்றவர்களுக்கும் வரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

மிஷின் என்ன செய்கிறது?

இந்நோய் உள்ளவருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுவர். மணிக்கு 5 முதல் 14 வரை என்றால் லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. ஒவ்வொரு தடையின்போதும் உடல் அரைகுறையாக விழித்துக்கொள்வதால், எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கிய நிறைவு வராது. இரத்த அழுத்தம் உயர்வதற்கும் இதயக் கோளாறுகளுக்கும் இதனோடு தொடர்பு உண்டு.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் 1981-ல் இதற்கு ஒரு வழி கண்டு வெளியிட்டார்கள். மூக்கு வழியாக ஓரளவு அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தினால், அந்தக் காற்றே உள்ளிருந்து தாங்கி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இன்றுள்ள மிஷின்கள் எல்லாம் அந்த அடிப்படையில் இயங்குபவைதான்.

வாய் திறந்தால் என்ன ஆகும்?

சைக்கிள் டியூபில் ஓட்டை இருந்தால் எவ்வளவு பம்ப் அடித்தாலும் காற்று நிற்காது. மூக்கு மாஸ்க் போட்டவர் வாயைத் திறந்தாலும் அப்படித்தான். உள்ளே போகும் காற்று வாய்வழியே வெளியேறுகிறது. தொண்டையைத் தாங்க வேண்டிய அழுத்தம் குறைகிறது. ஈடுகட்ட மிஷின் இன்னும் வேகமாகக் காற்றைத் தள்ளுகிறது. மூக்கு வழியாக ஒரே திசையில் ஓடும் அந்தக் காற்றால் மூக்கின் உட்சவ்வு வறண்டு வீங்கி, மூக்கு அடைக்கிறது. மூக்கு அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

காலையில் கடுமையான வாய் வறட்சி, தொண்டை எரிச்சல், மிஷின் பதிவில் அதிகக் கசிவு, சிகிச்சை எடுத்தும் தீராத பகல் தூக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். பக்கத்தில் படுப்பவர் சொல்லும் சாட்சியும் முக்கியம். வயதானவர்கள் பல்செட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கும்போது வாய் எளிதில் திறந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டைக்கு முன் மூக்கு

பலர் இதைக் கவனிப்பதில்லை. மூக்கு அடைத்திருப்பதால் வாயால் மூச்சு விடுபவருக்கு வாயைக் கட்டுவது வைத்தியமாகாது. பகலில் உட்கார்ந்து, வாயை மூடிச் சில நிமிடம் மூக்கால் மட்டும் நிம்மதியாக மூச்சுவிட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வாமை, மூக்குத் தண்டு வளைவு, மூக்கினுள் சதை வளர்ச்சி எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை உண்டு. கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் தொடர்ந்தால் அடைப்பு முன்பைவிட அதிகமாகும்.

அடுத்து, மிஷினின் ஈரப்பதத் தொட்டியைப் பயன்படுத்துங்கள். அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, தினமும் மாற்றுங்கள். காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வந்தாலே பலருக்கு மூக்கடைப்பு குறைந்து வாயும் மூடிக்கொள்ளும். அழுத்தம் கூடுதலாக வைக்கப்பட்டிருந்தாலும் வாய் திறக்கலாம். அதை மாற்ற வேண்டியவர் மருத்துவரே, நாமல்ல.

தாடைப் பட்டையை அணியும் முறை

இவற்றுக்குப் பிறகும் தாடை தொங்கினால்தான் பட்டை. கடைகளில் 'சின் ஸ்டிராப்' என்று கேட்டால் தருவார்கள். தாடையின் கீழிருந்து கன்னங்களின் வழியே உச்சந்தலைக்குச் செல்லும் இழுபடும் துணிப்பட்டை அது.

1. உட்கார்ந்த நிலையில் வாயை மூடி, பற்கள் லேசாகத் தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

2. பட்டையின் குழிந்த பகுதியைத் தாடைக்கு அடியில் வைத்து, இழுப்பு மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். பின்நோக்கி இழுத்தால் தாடையோடு நாக்கும் பின்னே தள்ளப்பட்டு மூச்சுப்பாதை இன்னும் குறுகலாம்.

3. இறுக்கிக் கட்டாதீர்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இருமவும், பேசவும், கொட்டாவி விடவும் வாய் திறக்க வேண்டும்.

4. பட்டை மாஸ்க்கின் மீது ஏறி அதை நகர்த்தாதபடி பாருங்கள்.

5. முதலில் விழித்திருக்கும்போது ஒரு மணி நேரம் போட்டுப் பழகுங்கள். தாடை மூட்டில் வலி வந்தால் தளர்த்துங்கள். வலி நீடித்தால் நிறுத்திவிடுங்கள்.

6. மென்மையான சோப்பால் கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

ஒரு வாரம் கழித்து மிஷினின் கசிவுப் பதிவைப் பாருங்கள். தாடை மூடியிருந்தும் உதடுகளின் இடுக்கில் காற்று கசிந்தால் பட்டையால் பயனில்லை. அவர்களுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு முக மாஸ்க் பொருந்தலாம். ஆனால் அடர்ந்த தாடி உள்ளவர்களுக்கு அந்த மாஸ்க் தோலோடு சரியாகப் பதியாமல் ஓரங்களில் காற்று கசியக்கூடும். மூக்குத் துளைகளில் பொருந்தும் சிறிய மாஸ்க்கும் தாடைப் பட்டையும் அவர்களுக்குத் தோதாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் படுத்த நிலையிலேயே போட்டுப் பாருங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

மிஷின் இல்லாமல் வெறும் பட்டையை மட்டும் கட்டிப் படுக்காதீர்கள். குறட்டைச் சத்தம் குறைந்தாலும் நோய் அப்படியே இருக்கும். வாயில் பிளாஸ்திரி ஒட்டும் வழக்கத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சளி பிடித்து மூக்கு அடைத்த இரவிலும், வாந்தி வருவதுபோல் இருக்கும்போதும் பட்டை வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பக்கவாதத்தால் கை இயங்காமல் பட்டையைத் தாமே கழற்ற முடியாதவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் போடவே கூடாது.

நோன்பு நாட்களில்

வாய் வறண்டு எழுபவருக்கு நோன்பில் தாகம் இன்னும் கடினமாக இருக்கும். ஆகவே ரமலானுக்கு முன்பே கசிவைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஸஹருக்கு எழுந்தபின் மறுபடி படுத்தாலும், மதியம் சற்றுக் கண் அயர்ந்தாலும் மாஸ்க் போட வேண்டும். எந்த நேரத் தூக்கத்திலும் தொண்டை அடைபடும்.

அந்தச் சகோதரருக்கு முதலில் மூக்கு ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு ஈரப்பதத்தைக் கூட்டி, பட்டையும் பழக்கினார்கள். பழகுவதற்கு ஒரு மாதம் பிடித்தது. அதுவரை அவர் வேன் ஓட்ட வேண்டாம் என்று வீட்டார் தடுத்து, மகன் ஓட்டினார். இப்போது பகலில் அவர் தூங்குவதில்லை, மறுபடி ஓட்டுகிறார். மிஷின் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாரேனும் மிஷினை மூலையில் வைத்திருந்தால், "ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். கூட வர ஆள் இல்லாதவர்கள் நமது அலுவலகத்தில் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். இனி மிஷின் இரவல் வாங்கும் ஒவ்வொருவர் வீட்டிற்கும், ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் நாமே வந்து விசாரிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அப்போது இரவில் பக்கத்தில் படுப்பவரும் வீட்டில் இருந்தால் நல்லது. தூங்குபவருக்குத் தெரியாதது அவருக்குத்தான் தெரியும்.