தகவல் பாதுகாப்பு: ஆளுகை, இடர், இணக்கப்பாடு

மாணவர்களே, கணினிப் பாதுகாப்பு என்றதும் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும் கடவுச்சொல்லும் மட்டுமே உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், எதைப் பாதுகாப்பது, யார் பொறுப்பு, எவ்வளவு செலவிடுவது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானிக்காத நிறுவனத்தில் எந்த மென்பொருளும் போதாது. இத்தீர்மானங்களுக்கு உதவுபவரே ஆளுகை, இடர், இணக்கப்பாட்டுப் பகுப்பாய்வாளர் ஆவார்.

1. மூன்று பதங்கள்

(அ) ஆளுகை: கொள்கைகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரை நியமித்தல்.
(ஆ) இடர்: நிகழக்கூடிய தீங்கை முன்னரே இனங்கண்டு மதிப்பிடல்.
(இ) இணக்கப்பாடு: சட்டங்களும் நியமங்களும் பின்பற்றப்படுவதைச் சான்றுகளுடன் உறுதிப்படுத்தல். உதாரணம்: 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஐ.எஸ்.ஓ. 27001 சர்வதேச நியமம்.

2. இடரை மதிப்பிடல்

இடர் மதிப்பு = நிகழ்தகவு × தாக்கம்

இரண்டையும் 1 முதல் 5 வரையான அளவிடையில் குறிப்பர். ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் மென்பொருள் காலாவதியானது எனக் கொள்வோம். நிகழ்தகவு 4, தாக்கம் 5 எனின் இடர் மதிப்பு 20 ஆகும். உச்ச மதிப்பு 25 என்பதால் இது உயர் இடராகும். இதற்குரிய துலங்கல்கள் நான்கு: தவிர்த்தல், குறைத்தல், கைமாற்றல், ஏற்றுக்கொள்ளல். இடரும் துலங்கலும் பொறுப்பாளரின் பதவியும் இடர்ப் பதிவேட்டில் எழுதப்படும்.

3. விடய ஆய்வு: இலங்கை, 2023

2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச மேகக் கணிமை மீது கப்பம் கோரும் ரான்சம்வெயார் தாக்குதல் நடைபெற்றது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பயன்பாட்டிலிருந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்கான உற்பத்தியாளரின் ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிவடைந்திருந்தது. அதனைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 இலிருந்தே இருந்தும் நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தாமதமானது. இழந்த காலப்பகுதிக்கு வலையமைப்புக்கு வெளியே வைக்கப்பட்ட காப்பு நகலும் இருக்கவில்லை.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், இடர் அறியப்படாதது அன்று. அறிந்தும் உரிய காலத்தில் குறைக்கப்படாதது. தீர்மானத்தைத் தள்ளிப்போடுவதும் இடரை ஏற்றுக்கொள்வதற்குச் சமம். ஆனால் அந்த ஏற்பில் எவரும் கையொப்பமிடுவதில்லை.

4. வீட்டிலிருந்து பணியாற்றல்

கொள்கை எழுதல், சான்றுகளைச் சரிபார்த்தல், காணொளி மூலம் ஊழியரை வினவுதல் ஆகியவை இப்பணியின் பெரும்பகுதியாதலால் இதனை வீட்டிலிருந்தும் செய்யலாம். எனினும் இடர்ப் பதிவேடு நிறுவனத்தின் பலவீனங்கள் அனைத்தும் அடங்கிய பட்டியலாகும். அது களவு போனால் தாக்குபவருக்கு வழிகாட்டியாகிவிடும். ஆகவே,

• குடும்பத்தினர் பயன்படுத்தாத தனிக் கணினி
• மறைகுறியாக்கப்பட்ட வன்தட்டு
• மெய்நிகர் தனியார் வலையமைப்பு ஊடான இணைப்பு
• பல்காரணி உறுதிப்படுத்தல்
• தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்பட்ட வீட்டு வழிப்படுத்தி

என்பன அவசியமாகும். ஐ.எஸ்.ஓ. 27001 நியமத்தின் 2022 ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள 93 கட்டுப்பாடுகளுள் தொலைவிடப் பணியும் ஒன்றாகும்.

5. மாதிரி வினா

“2023 தாக்குதல் வெறும் தொழினுட்பக் கோளாறே.” இக்கூற்றை மதிப்பிடுக. (10 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: காலாவதியான மென்பொருள், காப்பு நகல் இன்மை ஆகியன தொழினுட்பக் காரணிகள் (4). புதுப்பித்தல் தாமதமானமை ஆளுகைக் காரணி (4). இரண்டையும் தொடர்புபடுத்தி முடிவு கூறல் (2).

காரணிகளை வெறுமனே பட்டியலிடும் மாணவர் இறுதி 2 புள்ளிகளை இழப்பர். மேலும், இத்துறை கணிதப் பிரிவினருக்கு மட்டும் உரியதெனக் கலைப்பிரிவு மாணவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. சட்ட வாசகத்தைப் பிழையின்றி விளங்கி, முகாமையாளர் தட்டிக்கழிக்க முடியாதவாறு தெளிவாக எழுதும் ஆற்றலே இங்கு முதன்மையானது. தொழினுட்ப அடிப்படைகளை அதனுடன் சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம்.