சின்சேயிடம் சொல்லாத ஒன்று

அச்சகத்தில் பிழை திருத்துபவனாக முப்பது வருஷங்கள் மேஜையின்மேல் குனிந்தே உட்கார்ந்திருந்ததன் பலனாக, இடுப்பில் தொடங்கி வலது தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்கால் வரையில் ஓடும் ஒரு வலி என் தேகத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துவதாகவும், அறுவை சிகிச்சைக்கு அவசரமில்லை என்றும், மாத்திரையும் உடற்பயிற்சியுமாகக் காலத்தை நடத்தலாம் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பிழை எதுவுமில்லை. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குக் கால் குடையத் தொடங்கும்போது, அந்தப் பிழையற்ற வாக்கியங்களால் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்குச் சீன வைத்தியம் அந்நியமான சாஸ்திரமன்று. சீன வைத்தியரைக் குறிக்கும் சின்சே என்னும் சொல்லைத் தமிழ்ச் சொல்லைப் போலவே சிறு பிராயம் முதல் வழங்கி வருகிறோம். 1867-ஆம் ஆண்டில் சீன வியாபாரிகள் நிறுவிய தோங் சாய் வைத்தியசாலை, இன மத பேதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்வதையே தர்மமாகக் கொண்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தகப்பனார் தோள் சுளுக்குக்கு அங்கே போய் வந்த கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆயினும், கேள்விப்பட்டதை நம்பி உடம்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிடக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் சட்டப்படி இங்கே சீன வைத்தியம் செய்வோர் அரசாங்கப் பதிவேட்டில் இடம் பெற்றிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே, தோ பாயோவில் எங்கள் புளோக்குக்கு நான்கு புளோக் தள்ளியிருந்த ஓர் அம்மையாரிடம் போனேன்.

அவர் முதலில் என் வலது மணிக்கட்டையும் பிறகு இடது மணிக்கட்டையும் ஒரு சிறு தலையணையின்மேல் வைத்து, மூன்று விரல்களால் நாடி பார்த்தார். நம் சித்த வைத்தியர்களும் மூன்று விரல்களை வைத்தே வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பவர்களாதலால், அந்த ஸ்பரிசம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். அதன் பின்புதான் என்னை உண்மையிலேயே திகைக்க வைத்த கேள்விகள் வந்தன. வலி ஓரிடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா, குத்துகிறதா, கனக்கிறதா, மழை நாளில் கூடுகிறதா, சூடு ஒத்தடம் இதமாக இருக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லி வந்தவனுக்கு, அந்த எண்ணுக்குள் இத்தனை விவரங்கள் அடங்கியிருந்தது அன்றுதான் விளங்கிற்று.

இடம் மாறும் வலியைக் காற்றின் குணம் என்றும், கனக்கும் வலியை ஈரத்தின் குணம் என்றும், இறுகிப் பிடிக்கும் வலியைக் குளிரின் குணம் என்றும் சீன வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். வாயுப் பிடிப்பு என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது இதற்கு வெகு தூரத்தில் இல்லை. அம்மையார் என் தொடையை அழுத்தி, "அங்கிள், சுவான்?" என்று கேட்டார். புளிப்பைக் குறிக்கும் சொல்லே சீனத்தில் உளைச்சலையும் குறிக்கும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலுமாக விளக்கினார். சொற்களோடு வாழ்ந்த எனக்கு அது பெரிய உபதேசமாயிற்று. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், சுண்டி இழுத்தல், மதமதப்பு என்று நம் மொழியில் இத்தனை சொற்கள் இருக்க, இவ்வளவு காலமும் "வலிக்கிறது" என்ற ஒற்றைச் சொல்லால் வைத்தியர்களை இருட்டில் நிறுத்தியிருக்கிறேனே என்று வருந்தினேன். அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த வேளையில், எந்த இடத்தில், எவ்வித வலி என்று குறிக்கத் தொடங்கினேன். நாட்பட்ட வலியுடையவர்களுக்கு நான் முதலில் சொல்லக்கூடியது அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான்.

அம்மையார் சிகிச்சைக்குக் கையாளும் ஊசியைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. அது ரத்தம் எடுக்கும் ஊசியைப்போலத் துளையுள்ளதன்று, மயிரிழைபோல மெல்லியது. குப்புறப் படுத்திருக்கையில் முழங்காலின் பின்மடிப்பில் ஒன்று இறங்கியபோது, குத்தலுக்குப் பதிலாக ஒரு கனமும் மதமதப்பும் குதிகால் வரையில் பரவின. அதை அவர்கள் ஊசி பிடித்ததற்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம், சூட்டு விளக்கின் கீழ் அசையாமல் கிடக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரக்கூடும். ஒருமுறை உபயோகித்து எறியும் ஊசியா என்பதை உறையைப் பிரிக்கும்போதே பார்த்துக்கொள்வது நம் கடமை. முதல் மூன்று தடவை எனக்கு ஒரு மாறுதலும் தெரியவில்லை. ஆறாவது தடவைக்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தில் நான்கு மணிக் குடைச்சல் வாரத்துக்கு ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது.

இது ஊசியின் மகிமையா, நம்பிக்கையின் மகிமையா? ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 1,162 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்றின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. ஆறு மாதம் சென்ற பின், முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கும், சாஸ்திரத்தில் சொல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி போட்டுக்கொண்டவர்களில் 44 பேருக்கும், மருந்தும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 பேருக்கும் குணம் தெரிந்தது. ஊசி இறங்கும் இடத்தைப் பற்றிய சாஸ்திரம் ருஜுவாகிவிட்டது என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஆனால் 27-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசம், வலியோடு படுத்திருப்பவனுக்கு அற்பமானதன்று.

இனி, என் பிழையைச் சொல்ல வேண்டும். ஊசியோடு அம்மையார் கஷாயமும் கொடுத்திருந்தார். சுன் ஸிமியாவோ என்னும் தாங் காலத்து வைத்தியர் ஏழாம் நூற்றாண்டில் எழுதிவைத்த யோகம் அது. பதினைந்து சரக்குகள் கொண்டது. பொட்டலத்தைப் பிரித்தபோது, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் மருந்துக் கடையிலும் காணும் பட்டையும் அதிமதுரமும், பெயர் தெரியாத வேர்களின் நடுவே இருந்தன. மண்சட்டியில் அரை மணி ஊறவைத்து, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்சுவேன். இரண்டு வருஷம் அவ்வப்போது அதைப் பருகி வந்தேன்.

மூன்றாம் வருஷம் என் இருதயத் துடிப்பு சீர்குலைந்து, ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுத்தார்கள். அந்த டிசம்பர் மழையில் கால் மறுபடி குடைந்தபோது, அம்மையாரிடம் போகச் சோம்பி, அலமாரியில் மிச்சமிருந்த பொட்டலங்களை எடுத்து நானே காய்ச்சிக் குடித்தேன். பத்து நாளில் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. முன்கையில், எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே, உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டியது, 4.6 என்று வந்தது. வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் முன்பே கேட்டிருந்தார். வேரையும் பட்டையையும் மருந்தென்று எண்ணாமல், இல்லை என்று சொல்லியிருந்தேன். அந்தப் பதினைந்து சரக்குகளில் ஒன்றான டாங்குய் வேர் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியது. மாத்திரையைப் பற்றி அறிந்திருந்தால் அம்மையார் அதைத் தொடவே விட்டிருக்கமாட்டார். அவருக்கும் நான் சொல்லவில்லை.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பவர்களுக்குப் பெல்ஜியத்தில் நடந்ததை நினைவூட்டுவேன். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலியச் சிகிச்சை பெற்ற பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் பாழாயின. ஃபாங் ஜி என்ற பெயரைத் தாங்கிய இரண்டு வேர்களில், கொடுக்க வேண்டியதற்குப் பதிலாக நஞ்சுடைய மற்றொன்று மருந்தில் கலந்துவிட்டது. பெயர் ஒற்றுமையால் நேரும் பிழைகளைத் திருத்துவதே தொழிலாக வாழ்ந்த எனக்கு, அதை வாசித்த இரவில் தூக்கம் வரவில்லை.

இப்போது அம்மையார் எனக்குக் கஷாயம் கொடுப்பதில்லை; குவளை ஒட்டி ரத்தத்தை இழுக்கும் சிகிச்சையையும் விலக்கிவிட்டார்; ஊசியை மட்டும் ஆழமில்லாமல் போடுகிறார். வலி போய்விடவில்லை. ஆனால் சந்தைக்கு நடந்து போய் வருகிறேன். பெரும்பாலான இரவுகளில் ஐந்தரை மணி வரையில் உறங்குகிறேன். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ, எந்தச் சின்சேயிடமும் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதை வாசிக்கும் அன்பர்களில் எவரேனும் இருவகை வைத்தியமும் ஒருங்கே செய்துகொள்பவராயின், இன்றைக்கே ஒரு காகிதத்தை எடுத்து, உட்கொள்ளும் மாத்திரை, பொடி, வேர், சூப்பு அனைத்தையும் எழுதி, அதற்கு நகல் ஒன்று எடுத்து, இரண்டு வைத்தியர்களிடமும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள்.