ஓடையோரத்தில் இரவு தங்கப் போகிறீர்களா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் இளைஞர்கள் பலருக்கு விடுமுறை என்றால் ஆந்திர எல்லை தாண்டி உப்பலமடுகுதான். நம் வழக்கில் தடா அருவி. அது இருப்பது காப்புக்காட்டுக்குள், அனுமதியின்றி நுழைவதே குற்றம். இரவு தங்கலாமா என்று வனத்துறையிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அனுமதி உள்ள இடமானாலும், மெத்தென்று இருக்கிறதே என்று ஓடை மணலில் கூடாரம் அடிக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது மிக முக்கியம். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே, மலை உச்சியில் பெய்த மழை வெள்ளமாக இறங்கும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ சாமான்களை விட்டுவிட்டு உடனே மேடேறுங்கள். ஆழம் தெரியாத மடுவில் குதிக்கவே வேண்டாம்.

ஓடைநீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மேலும் ஒரு நிமிடம் கழித்து இறக்கிக் குடிக்கலாம். கழிப்பிடம் இராது, நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் குழி தோண்டி, மண்ணிட்டு மூடுங்கள்.

நெருப்பு மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இரவில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள், டார்ச் கையிலேயே இருக்கட்டும். உள்ளே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.