உதறினாலும் ஒட்டிக்கொள்ளும் பட்டம்

கேள்வி: பிரிட்டனில் பரம்பரையாக வரும் பிரபுப் பட்டத்தை 'எனக்கு வேண்டாம்' என்று ஒருவர் மறுக்க முடியுமா?

பதில்: 1963 வரை முடியாது. அதை மாற்றவைத்தவர் டோனி பென். ஒருகாலத்தில் இந்திய விவகார அமைச்சராக இருந்த அவருடைய அப்பா வெட்ஜ்வுட் பென், 1942-இல் 'வைகவுண்ட் ஸ்டான்ஸ்கேட்' ஆனார். மூத்த மகன் போரில் இறந்துவிட்டதால், 1960-இல் அப்பா கண்மூடியதும் பட்டம் தொழிற்கட்சி எம்.பி. டோனியின் தலையில் விழுந்தது. அன்றைய விதிப்படி பிரபுவானவர் மக்கள் சபையில் உட்காரக் கூடாது; அதனால் எம்.பி. பதவி பறிபோனது.

மனிதர் விடவில்லை. 1961-இல், தான் எம்.பி.யாக இருந்த பிரிஸ்டல் தொகுதியின் இடைத்தேர்தலில் நின்று அமோகமாக ஜெயித்தார். தேர்தல் நீதிமன்றமோ அவரிடம் தோற்ற செயின்ட் கிளேரை எம்.பி. ஆக்கியது! (ஓட்டுப் போட்டவர்களுக்கு அவ்வளவுதான் மரியாதை.)

1963 ஜூலை 31-இல் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. அன்று மாலையே பென் உதறிவிட்டார். சட்டம் மாறினால் விலகுவதாகச் சொல்லியிருந்த செயின்ட் கிளேரும் சொன்ன சொல் தவறாமல் ராஜினாமா செய்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த அக்டோபரில் பிரதமரான எதிர்முகாம் ஹோம் பிரபுவுக்கும் இதே சட்டம்தான் கைகொடுத்தது.

ஆனால் துறவு துறந்தவரின் ஆயுளோடு சரி. 2014-இல் டோனி இறந்ததும் பட்டம் மூத்த மகன் ஸ்டீபனுக்குப் போனது. அவர் 2021-இல் பிரபுக்கள் சபையிலேயே போய் உட்கார்ந்தார்.