வயதான நாய்க்கு உண்ணியும் தெள்ளும் அண்டாமல் இருக்க

1. கிழட்டு நாயால் உடம்பை வளைத்துக் கடித்துக்கொள்ளவோ சொறியவோ முடியாது. அந்த வேலையை நம் விரல்கள்தான் செய்ய வேண்டும். காதின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், வாலின் கீழ் எல்லாவற்றையும் தினமும் தடவிப் பாருங்கள். வயதான நாய்க்கு மருவும் கொழுப்புக் கட்டியும் இருக்கும். உண்ணி என்று நினைத்து அவற்றைப் பிய்த்துவிடாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். உண்ணியாக இருந்தால் கால்கள் தெரியும்.

2. தெள்ளு கண்ணில் படாது, துள்ளி ஓடிவிடும். ஈர வெள்ளைத் துணியில் நாயின் ரோமத்தைச் சீவி உதறுங்கள். விழும் கறுப்புத் தூள் செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். தெள்ளு இருந்தால் நாடாப்புழுவும் வரலாம்; குடற்புழு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

3. உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள்.

4. நம் ஊர் நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி சுவரேறி, விரிசலிலும் நிலைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. விரிசல்களைச் சிமெண்டால் அடையுங்கள். வயதான நாய் ஒரே மூலையில் கிடக்கும் என்பதால் அந்த மூலைக்குத் தனிக் கவனம் வேண்டும். சாக்குப் படுக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கக்கூடிய துணியை விரியுங்கள்.

5. மருந்து வாங்குமுன் நாயை எடை போடுங்கள். வயதானால் எடை குறையலாம். போன வருடத்து அளவு இப்போது அதிகமாகிவிடலாம். வலிப்பு வந்த நாய்க்குச் சிலவகை உண்ணி மாத்திரைகள் ஆகாது. சர்க்கரை நோய் இருந்தால் அமிட்ராஸ் கலந்த மருந்து கூடாது. சிறுநீரகம், கல்லீரல் கோளாறு இருந்தால் அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனையும் இருக்கிறதா? பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனைக்கு விஷம்.

6. கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம்.

7. மண்ணெண்ணெய், பினாயில், கற்பூர எண்ணெய் வேண்டவே வேண்டாம். பூண்டும் நாய்க்கு ஆகாது. வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டலாம், ஆனால் அது மருந்துக்கு ஈடல்ல.

8. சோர்ந்து படுத்து, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினால் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடுகிறோம். உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான் தொடங்கும். ஈறு வெளுத்திருக்கிறதா, மூக்கில் இரத்தம் வருகிறதா, சிறுநீர் காபி நிறத்தில் போகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் 4 வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். நாய் தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்தாதீர்கள். மாத்திரையைச் சோற்றோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள்.